ஆட்டுக்கறியில் செய்த தட்டுக்கறி

எங்க அத்தையோட அடக்க ஆராதனையில போதகர் எழுந்து நின்னு, "இந்தத் தாயார் தன் சொந்த விருப்பத்தாலே மணவாழ்க்கையை ஒதுக்கி வச்சு, அண்ணன் குடும்பத்துக்காகவே தன்னை அர்ப்பணிச்சவங்க"ன்னு மைக்ல சொன்னாரு. நான் மொத வரிசையில உக்காந்துகினு இருந்தேன். கையில பாட்டுப் புத்தகம் இருந்துச்சு. அதை எடுத்து அவர் மேல வீசல, அவ்ளோதான். மத்ததெல்லாம் மனசுக்குள்ள செஞ்சு முடிச்சுட்டேன். சொந்த விருப்பமாம்! அந்தப் போதகர் பொறக்கறதுக்கு முன்ன நடந்த விஷயம் அது. யாரோ எங்க வீட்டு ஆளுங்க சொல்லிக் குடுத்திருக்காங்க, அவரும் ஒப்பிச்சுட்டாரு. உக்காந்திருந்த ஜனங்க ஆமென் ஆமென்னுச்சுங்க.

என் வயசுக்காரங்க நீங்க. மூட்டுல தைலம் தடவிகினு, சர்க்கரை மாத்திரையைத் தேடிகினு இருக்கற கூட்டம். பெரியவங்க ஒண்ணு சொல்லிட்டா நாம வாயைத் தொறக்கக் கூடாதுன்னு வளந்தவங்க. அதனால உங்க கிட்டதான் சொல்ல முடியும். சின்னதுங்க கிட்ட சொன்னா, "அப்பவே கேட்டிருக்கலாமே ஆயா"ன்னு சுளுவா சொல்லிடுதுங்க. கேட்டேன்டி. கேட்டதுக்குத் தொடையில கிள்ளு வாங்கினேன். அந்தத் தழும்பு போய்டுச்சு, கோவம் போவல.

அப்போ நாங்க திருத்தணியில, மலைக்குப் போற ரோட்டுக்குப் பின்னால ஒரு வாடகை வீட்ல இருந்தோம். நைனா பள்ளிக்கூட வாத்தியாரு. அப்பாவை நைனான்னு கூப்பிடறதால எங்களைத் தெலுங்குக்காரங்கன்னு நெனச்சுக்காதீங்க, எங்க பக்கத்துல அப்படித்தான். அம்மா, நான், ரெண்டு தம்பிங்க, அப்புறம் நைனாவோட தங்கச்சி, எங்க அத்தை. இவ்ளோதான் வீடு. நான் மூத்தவ. பாப்பான்னு கூப்பிடுவாங்க.

நாங்க மாட்டுக்கறி சாப்பிடற ஜனம். இதை இப்படிப் பட்டுன்னு சொல்ற தைரியம் எனக்கு இந்த வயசுலதான் வந்திருக்கு. எங்க வீட்ல அதோட பேரைச் சொல்ல மாட்டாங்க. பெரிய கறின்னுதான் சொல்வாங்க. பேரைச் சொல்லாம சாப்ட்டா வேற மாதிரி செரிக்குமா இன்னா? நைனா ஞாயித்துக்கெழம ஆராதனை முடிஞ்சதும் சைக்கிளை எடுத்துகினு அரக்கோணம் ரோட்டுல ஒரு பாய் கடைக்குப் போவாரு. வரும்போது பையில மேல சிறுகீரைக் கட்டு, அடியில கறி. அந்தக் கீரை மறைக்கறதுக்குன்னே வாங்கறது. வாங்கிட்டா ஆக்காம இருக்க முடியுமா? அதனால எல்லா ஞாயித்துக்கெழமையும் எங்களுக்குக் கீரைக் கடைசலும் உண்டு. இன்னிக்கும் சிறுகீரையைக் கண்டா எனக்குக் கடுப்புதான் வருது.

யாருக்கு பயந்து இதெல்லாம்னு கேக்கறீங்களா? வீட்டுக்காரம்மாவுக்குன்னு நைனா சொல்வாரு. அந்தம்மா மலை அடிவாரத்துல பூ கட்டி விக்கறவங்க. நெத்தி நெறைய விபூதி. எங்க சட்டியில இன்னா வேகுதுன்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும். "இன்னாடி பாப்பா, உங்க வீட்ல இன்னிக்கு விசேஷமா"ன்னு என்னைக் கேட்டு சிரிப்பாங்களே தவிர, ஒரு நாளும் ஒரு வார்த்தை தப்பா பேசினதில்ல. நைனாவோட பயம் வேற. தான் படிச்சு வாத்தியாரா வந்தாச்சு, வந்த எடத்தைப் பாத்து நாலு பேர் சிரிச்சுடக் கூடாது. அதுதான் அவருக்கு.

சரி, அவரு எப்படிப் படிச்சாருன்னு கேளுங்க. அவரு ட்ரெய்னிங்ல இருந்த காலமெல்லாம் அத்தை ஒரு மிஷன் ஆஸ்பத்திரி சமையக்கட்டுல பொகையில நின்னுச்சு. அப்பதான் அதுக்கு வந்த எடங்களை எல்லாம் "இப்ப இன்னா அவசரம்"னு தள்ளினாங்க. ஆஸ்பத்திரியில அந்தச் சமையக்கட்டை மூடினப்போ அத்தைக்கு முப்பது தாண்டியாச்சு. ஒரு இரும்பு மிஷினையும் ஓரத்துல நீல கோடு போட்ட எனாமல் தட்டு ஒண்ணையும் அது கையில குடுத்து அனுப்பினாங்க. அதோட வந்து எங்க வீட்டு சமையக்கட்டுல நின்னுச்சு. பொகை மட்டும் மாறவே இல்ல.

அந்த மிஷின் கறி அரைக்கற மிஷின். மேசை ஓரத்துல திருகு போட்டு இறுக்கிட்டு, மேல கறியைப் போட்டுக் கைப்பிடியைச் சுத்தினா முன்னால இடியாப்பமாட்டம் இறங்கும். சுத்தறதுக்கு எனக்கும் தம்பிங்களுக்கும் அடிதடி நடக்கும். அரைச்ச கறியை வெங்காயம், இஞ்சி பூண்டு, நெறைய மிளகு, ரெண்டு கிராம்போட போட்டு, தண்ணியெல்லாம் சுண்டி நெய் விடற வரைக்கும் அத்தை வதக்கும். அதை எனாமல் தட்டுல பரப்பி, வேகவெச்ச உருளைக்கெழங்கைப் பாலும் வெண்ணெயும் ஊத்திப் பெசைஞ்சு மேல மெத்தையாட்டம் மூடிடும். முள் கரண்டியால கோடு கோடா இழுத்து, அடிச்ச முட்டையைத் தடவி, ஒரு தகரத்தைப் போட்டு மூடி, கீழயும் தணல், மேலயும் தணல். தகரத்தைத் தூக்கும்போது மேல செவந்து போய் கோடெல்லாம் மொறுமொறுன்னு நிக்கும். கரண்டியை உள்ள விட்டா ஆவியோட மிளகு வாசனை வரும். மெல்லவே வேணாம். ஜொரத்துல கெடந்தாலும் உள்ள எறங்கும். ஆஸ்பத்திரியில அதை ஒடம்பு தேறாதவங்களுக்குத்தான் செய்வாங்களாம். எங்க வீட்ல அதுக்குத் தட்டுக்கறின்னு பேரு. பரீட்சையில ஃபெயிலானாலும் தட்டுக்கறி, யாராவது செத்துப் போனாலும் தட்டுக்கறி. எந்த மனசுக் கஷ்டமும் அந்தத் தட்டைப் பாத்தா பாதியாயிடும்.

அந்த வருஷம் ஆடி மாசம் பொறக்கற சமயத்துல எங்க சபையில ஊழியம் பாக்கற உபதேசியார் அத்தைக்கு ஒரு எடம் கொண்டாந்தாரு. மணவூர் ரயில்வே ஸ்டேஷன்ல தண்டவாளம் மாத்தி விடற பாயிண்ட்ஸ்மேன் வேலை பாக்கறவரு. சம்சாரம் தவறிப் போச்சு, புள்ளைங்க இல்ல. அவரோட அக்கா கூட இருந்து பாத்துக்குது. நம்ம சபைதான், நம்ம ஜனம்தான். அந்த சம்சாரம் தவறினது அத்தை வேலை பாத்த ஆஸ்பத்திரியிலதானாம். கடைசியில எதையும் முழுங்க முடியாம கெடந்தப்போ, தட்டுக்கறியை மட்டும் ரெண்டு வாய் சாப்ட்டுதாம். மிச்சத்தை இவரு சாப்டுவாராம். "அந்தக் கறி செஞ்ச அம்மாவுக்கு இன்னும் ஆவலையா"ன்னு இவரே உபதேசியாரைக் கேட்டாராம். உபதேசியார் இதை எங்க வீட்டு நடுவுல உக்காந்து சொன்னப்போ, அத்தை அடுப்பண்ட திரும்பி நின்னுகினு பாத்திரத்தையே தேச்சுகினு இருந்துச்சு. தேச்ச பாத்திரத்தையே திரும்பத் திரும்ப. ரெண்டு காதும் செவந்து போச்சு. நான் பாத்தேன்.

அத்தைக்கு அந்த எடம் வேணும். இதை நான் இப்ப சொல்லல, அப்பவே தெரியும் எனக்கு. அதுக்கப்புறம் அத்தை ஆராதனைக்குக் கோயிலுக்குப் போறப்போ தலையில பூ வெக்கறதுக்கு வீட்டுக்காரம்மா கிட்ட ஒரு மொழம் கேட்டு வாங்கிச்சு. "மணவூர்ல தண்ணி எப்டி இருக்கும் அண்ணி"ன்னு எங்கம்மாவைக் கேட்டுச்சு. தண்ணியைப் பத்தி யாரு கேப்பாங்க? அங்க போய் கொடம் தூக்கப் போறவதான் கேப்பா. சொந்த விருப்பமாம்!

ஒரு ஞாயித்துக்கெழம சாயங்காலம் அவங்களை விருந்துக்குக் கூப்பிட்டாச்சு. அத்தை சனிக்கெழமையே மிஷினைக் கழுவிக் காயவெச்சுது. நைனா வந்து அதைப் பாத்தாரு.

"இதை எதுக்கு எடுத்தே?"

"நாளைக்குத் தட்டுக்கறிக்கு அண்ணா. அவங்களுக்கு அது..."

"தெரியும் தெரியும். ஆட்டுக்கறியில செய்."

"ஆட்டுக்கறியில அந்த ருசி வராதுண்ணா. அவரு சாப்ட்டது..."

"அவரு ஆஸ்பத்திரியில எது குடுத்தாலும் சாப்ட்டிருப்பாரு. வர்றது ரயில்வேக்காரங்க. நாலு ஊர் பாத்தவங்க. மொத தபா வீட்டுக்கு வர்றவங்களுக்குப் பெரிய கறியைப் போட்டு, இதுங்க இவ்ளோதான்னு நெனக்க வெக்கறியா? மிஷினை உள்ள எடுத்து வை. சமையல் வேலை பாத்த பொண்ணுன்னு அதைப் பாத்து வேற அவங்களுக்கு ஞாபகம் வரணுமா?"

பாருங்களேன் அநியாயத்தை! அவங்க வர்றதே அந்தச் சமையலைத் தேடிகினு. அதையே மறைக்கணுமாம். மிஷின் கட்டிலுக்கு அடியில போச்சு. ஆட்டுக்கறியைக் கடைக்காரன் கட்டையில வெச்சுக் கத்தியால கொத்திக் குடுத்தான். எலும்போட சேத்து.

அவங்க வந்தாங்க. அவரு ஒல்லியா, சட்டைப் பட்டனைக் கழுத்து வரைக்கும் போட்டுகினு, எங்கே உக்காரணும்னு தெரியாம நின்னாரு. அக்கா நல்லா ஆள் தெம்பா, கண்ணாடி போட்டுகினு இருந்துச்சு. என்னையும் தம்பிங்களையும் கூப்பிட்டு ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட் குடுத்துச்சு. எனக்கு உடனே புடிச்சுப் போச்சு. அத்தை தகரத்தைத் தூக்கறப்போ அவரு எட்டிப் பாத்தாரு. சின்னப் புள்ளையாட்டம் மொகம் மலந்துச்சு.

நைனா ஜெபம் பண்ண எழுந்தாரு. ஆதாம் ஏவாள்ல ஆரம்பிச்சாரு. நீங்க ஆட்டுக் கொழுப்பைப் பாத்திருப்பீங்க, ஆறினா மெழுகாட்டம் வாயில ஒட்டும். அவரு ஆமென் சொல்றப்போ தட்டுல ஆவியே இல்ல.

மணவூர்க்காரர் ஒரு வாய் வெச்சாரு. மென்னாரு. மெல்லாம சாப்பிட வேண்டிய பண்டத்தை மென்னாரு. அப்புறம் பல்லுல நெருடின எலும்புத் துணுக்கை எடுத்து, யாரும் பாக்காம தட்டுக்கு அடியில தள்ளினாரு.

"வாத்தியாரே, தப்பா எடுத்துக்காதீங்க. ஆஸ்பத்திரியில எங்க வீட்டம்மாவுக்குக் குடுப்பாங்களே, அதுவா இது?"

"அதே மாதிரிதாங்க. ஆனா இது சுத்தமான ஆட்டுக்கறி. நம்ம வீட்ல பெரிய கறி நுழையறதே இல்லீங்க"ன்னாரு நைனா.

அந்த அக்காவோட கை தட்டுலயே நின்னுச்சு. "நுழையறதே இல்லைங்களா?"

"எங்க பாட்டன் காலத்துலயே விட்டாச்சுங்க."

எனக்குத் தூக்கிப் போட்டுச்சு. "போன ஞாயித்துக்கெழம துன்னோமே நைனா"ன்னேன். அம்மா சட்டுன்னு தொடையில கிள்ளுச்சு. நகம் உள்ள போச்சு. "கொழந்தை ஆட்டுக்கறியைச் சொல்லுது"ன்னு நைனா சிரிச்சாரு.

"பொண்ணுக்கும் பழக்கம் இல்லையா?"ன்னு அந்தக்கா கேட்டுச்சு.

"தொடவே மாட்டா."

அத்தை சமையக்கட்டுக் கதவண்ட நின்னுகினு இருந்துச்சு. "அண்ணா"ன்னு ஆரம்பிச்சுது. "தண்ணி கொண்டாம்மா"ன்னாரு நைனா. அத்தை தண்ணி எடுக்கப் போச்சு. பேசி முடிச்சதும் அவங்க எழுந்து கை கழுவிட்டுப் போயிட்டாங்க.

அந்த மணவூர்க்காரர் மேலயும் எனக்குக் கோவம்தான், சொல்லிடறேன். பொண்ணு எட்டற தூரத்துல நின்னுகினு இருக்கு. திரும்பி, "நீங்க சொல்லுங்கம்மா"ன்னு கேட்டா இன்னா கொறைஞ்சா போவும்? அண்ணனைக் கேட்டாரு, அண்ணன் சொன்னதைக் கேட்டுகினாரு. கெட்டவரு இல்ல. ஆனா ஒருத்தி வாழ்க்கைக்கு அந்த நல்லவர் பத்தல.

உபதேசியார் அந்த வாரமே வந்தாரு. காப்பியைக் குடிச்சுட்டு, தம்ளரையே பாத்துகினு சொன்னாரு.

"பொண்ணை ரொம்பப் புடிச்சிருக்குதாம் வாத்தியாரே. ஆனா வேணாங்கறாங்க."

"ஏனாம்?"

"'நாங்க வாரம் தவறாம பெரிய கறி ஆக்கறவங்க. பாட்டன் காலத்துலயே விட்ட வீட்டுப் பொண்ணு எங்க அடுப்பண்ட வந்து மூக்கைப் பொத்திகினு நிக்கணுமா? அதுக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம்'னு அந்தக்கா சொல்லுது. அது ஒண்ணுதான் தடை."

அம்மா குபீர்னு சிரிச்சுடுச்சு. "அய்ய, இதானா! நாங்களும் துன்றவங்கதான்னு போய் சொல்லுங்க உபதேசியாரே!"

"எனக்குத் தெரியாதா தாயி? ஆனா வாத்தியார் சொன்னது பொய்யின்னு நான் போய் எப்படிச் சொல்றது? அவரே ஒரு வார்த்தை சொல்லிட்டா, அடுத்த மாசமே கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சுடலாம்."

எல்லாரும் நைனாவைப் பாத்தோம். அத்தையும் பாத்துச்சு. அன்னிக்கு அது பாத்திரம் தேய்க்கல. நேரா, கண்ணைக் கொட்டாம, அண்ணனோட வாயையே பாத்துகினு இருந்துச்சு. ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எவ்ளோ நேரமாவும்?

"நான் சபையில வேதம் வாசிக்கற ஆளு. மணவூர் வரைக்கும் போய், நான் சொன்னது பொய்ங்கன்னு நிக்கணுமா? என்னால ஆவாது"ன்னாரு. அப்புறம் சொன்னாரு பாருங்க, அதைத்தான் என்னால இன்னிக்கும் செரிக்க முடியல. "போவட்டும் விடுங்க. நம்மளை உசரமாத்தான் நெனச்சிருக்காங்க. அந்த மட்டும் சரி."

உசரம்! தங்கச்சி வாழ்க்கை கவுந்து போச்சு, இவருக்கு உசரம்! அம்மா ராவும் பகலும் சண்டை போட்டுச்சு. நைனா பேப்பரை விரிச்சு மூஞ்சியை மறைச்சுகினாரு. அத்தை சண்டை போடல, அழுவல. வேலையை மட்டும் செஞ்சுது. வாங்கின பூ சாமான் மாடத்துல காஞ்சு கெடந்துச்சு.

அதுக்குள்ள ஆடிக் கிருத்திகை வந்துச்சு. ஊரே மஞ்சளும் காவடியுமா, தெருவுல கால் வெக்க எடமில்ல. பள்ளிக்கூடம் லீவு. எங்களுக்கு வேடிக்கை பாக்கவே கண்ணு பத்தல. ஆனா வீட்டுக்குள்ள வந்தா ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாக்காம சாப்ட்டோம். கூட்டம் கொறைஞ்சதும் சனிக்கெழம நைனா சொன்னாரு, "வீட்ல ஆளாளுக்கு மொகத்தைத் தூக்கி வெச்சுகினு கீறீங்க. நாளைக்கு நல்ல பெரிய கறியா வாங்கியாறேன். ராத்திரிக்குத் தட்டுக்கறி செய்யட்டும். எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்ட்டா மனசு ஆறிடும்."

யாரு செய்யட்டும்? அத்தைதான். எதைச் செய்யட்டும்? அதேதான். எங்க மனசு ஆறணுமாம், அதுக்கு! எனக்கு அப்பவே எங்கயாவது போய் முட்டிக்கலாம் போல இருந்துச்சு. அத்தை "ஆங்"ன்னுச்சு, அவ்ளோதான்.

ஞாயித்துக்கெழம கறி வந்துச்சு, கீரையும் வந்துச்சு. நைனா மத்தியானம் சாப்ட்டுப் படுத்தாரு. அத்தை கட்டிலுக்கு அடியில கையை விட்டு, அவரு கொறட்டைக்குக் கீழேயிருந்தே மிஷினை இழுத்துச்சு. நான்தான் சுத்தினேன். அன்னிக்கு அத்தை செஞ்ச மாதிரி தட்டுக்கறி அதுக்கு முன்னயும் நான் பாத்ததில்ல, பின்னயும் பாத்ததில்ல. கோடு இழுக்கறப்போ அளந்து அளந்து இழுத்துச்சு. தணல் தணிஞ்சதும் தகரத்தோடயே தட்டை ஒரு துப்பட்டியில வெச்சு, நாலு மூலையையும் சேத்துக் கட்டுச்சு. மொகம் கழுவி, கோயிலுக்குக் கட்டற பொடவையைக் கட்டிகினு வந்துச்சு.

"அண்ணி, மணவூர் போய்ட்டு வரேன்."

அம்மா பருப்பு டப்பாவுக்குள்ள கையை விட்டு ரயிலுக்குக் காசு எடுத்துக் குடுத்துச்சு. "பாப்பாவைக் கூட்டிகினு போ. பொழுது சாய வந்துடுங்க"ன்னுச்சு. கிள்ளின தொடையை ஒரு தபா தடவிக் குடுத்துச்சு.

ரயில்ல நிக்க எடமில்ல. மொட்டை போட்டு சந்தனம் பூசின தலைங்களா கெடந்துச்சு. ஒரு அம்மா நவுந்து எங்களுக்கு எடம் குடுத்தாங்க. அவங்க மடியில மொட்டைக் கொழந்தை தூங்கிகினு இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல அந்தம்மா மூக்கை உறிஞ்சினாங்க. "இன்னாம்மா மூட்டையில? வாசனை ஆளைத் தூக்குது."

கீரைன்னு சொல்லேன் அத்தைன்னு மனசுக்குள்ள கெஞ்சினேன். அத்தை நிமுந்து உக்காந்துச்சு.

"கறிங்க. மாட்டுக்கறி."

ஒரு பெரியவரு எழுந்து கதவண்ட போயிட்டாரு. அந்தம்மா எங்களை மேலயும் கீழயும் பாத்தாங்க. "நானே மாசம் பூரா வெரதம் இருந்து நாக்கு செத்துப் போய் வரேன். இப்படி மடியில வெச்சுகினு வாசனை காட்டறியே, உனக்கே அடுக்குமா?"ன்னாங்க. அத்தை சிரிச்சுடுச்சு. வாய்விட்டு சிரிச்சுது. அவ்ளோதாங்க விஷயம்! இதுக்காகவா எங்க நைனா அத்தனை வருஷம் கீரை வாங்கினாரு?

அரக்கோணத்துல வண்டி மாறி மணவூர்ல எறங்கினோம். வீடு ஸ்டேஷனுக்குப் பக்கத்துலயே. அந்தக்கா வாசல்ல துணி மடிச்சுகினு இருந்துச்சு. எங்களைப் பாத்துட்டு எழுந்துச்சு. அத்தை உக்காரக்கூட இல்ல. மூட்டையை அவிழ்த்து, தகரத்தைத் தூக்கிட்டு, நின்னுகினே சொல்லிச்சு.

"எங்கண்ணன் சொன்னது பொய்க்கா. நாங்க பெரிய கறி துன்றவங்கதான். இதை நான்தான் ஆக்குவேன், நான்தான் ஆஸ்பத்திரியில ஆக்கினேன். சாப்ட்டுப் பாத்துட்டு அப்புறம் எதுவா இருந்தாலும் சொல்லுங்க. எனக்கு இந்த வீட்டுக்கு வர இஷ்டம்."

நான் பெரியவளாகி எத்தனையோ கல்யாணப் பேச்சு கேட்டிருக்கேன். ஒரு பொம்பள தன் வாயால இப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தபாதான்.

அந்தக்கா ஒரு கரண்டி எடுத்து வாயில வெச்சுது. கண்ணாடியைக் கழட்டிடுச்சு. "இதான்மா. இதேதான்"ன்னுச்சு. அப்புறம் பொடவைத் தலைப்பால மூஞ்சியை மூடிகினு உக்காந்துடுச்சு. "முந்தாநேத்துதான் பள்ளிப்பட்டுல வார்த்தை குடுத்துட்டு வந்தோம். அந்தப் பொண்ணுக்குப் பொடவைகூட எடுத்துக் குடுத்தாச்சு. நான் இன்னா பண்ணுவேன்? நீ ஏம்மா நாலு நாள் முன்ன வரல?"

அவரு டியூட்டி முடிஞ்சு கொடியை அக்குள்ல வெச்சுகினு வந்தாரு. எல்லாத்தையும் அவங்கக்கா சொல்லிச்சு. அவரு கை கழுவிட்டு வந்து உக்காந்தாரு. தட்டை முன்னால இழுத்துகினு, தலையைக் குனிஞ்சபடியே சாப்ட்டாரு. கோடு போட்ட பக்கமெல்லாம் ஒவ்வொண்ணா சாப்ட்டாரு. பாதியில நிறுத்திட்டுக் கேட்டாரு, "அன்னிக்கே நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"என்னை யாருங்க கேட்டாங்க?"ன்னுச்சு அத்தை.

அந்தக்கா எனக்கும் ஒரு தட்டுல போட்டுக் குடுத்துச்சு. எனக்கு எறங்கல. மெல்லவே வேணாத பண்டம் தொண்டையில நின்னுச்சு. குடுத்த வார்த்தையை ஒடைன்னு அத்தை கேக்கல. எங்கயோ பள்ளிப்பட்டுல ஒருத்தி புதுப் பொடவையை மடியில வெச்சுகினு உக்காந்திருப்பான்னு அதுக்குத் தெரியும். அவங்க சாப்ட்டு முடிச்சதும் தட்டைத் தானே வாங்கி, கொழாயடியில கழுவி, துப்பட்டியில சுத்திகினு எழுந்துச்சு. ரயில்ல வர்றப்போ ஜன்னல் பக்கம் திரும்பிகினு அழுதுச்சு. நானும் அழுதேன். பக்கத்துல யாரோ, கூட்டத்துல எதையோ தொலைச்சுட்டாங்க போலன்னு நெனச்சு, "போலீஸ்ல சொன்னீங்களா"ன்னு கேட்டாங்க.

அப்புறம் அத்தைக்கு ஒரு எடமும் வரல. வரலன்னா, கொண்டார யாரும் இல்ல. மணவூருக்குத் தானா போச்சுன்னு சபையில பேச்சு பரவிடுச்சு, அதைச் சொல்லியே அத்தையோட வாயை மூடிட்டாங்க. இதைத்தான் அந்தப் போதகர் அர்ப்பணிப்புன்னாரு. அடக்கத்தன்னிக்கு நான் எழுந்து மைக்கைப் புடுங்கியிருக்கணும். இப்ப உங்க கிட்ட சொல்லியாச்சு. நீங்க நாலு பேர் கிட்ட சொல்லுங்க. அத்தைக்கு விருப்பம் இருந்துச்சு. அதை வாயைத் தொறந்து சொல்லவும் சொல்லிச்சு.

அன்னிக்கு ராத்திரி மணவூர்லேர்ந்து நாங்க வீட்டுக்கு வந்து சேந்தப்போ விளக்கு வெச்சு நேரமாச்சு. எல்லாரும் சாப்பாட்டுக்கு உக்காந்துகினு இருந்தாங்க. தம்பிங்க முன்னால சோறு போட்டுக் காஞ்சு கெடந்துச்சு. அம்மா எங்க மொகத்தைப் பாத்துட்டுப் புரிஞ்சுகினு தலையைக் குனிஞ்சுடுச்சு. நைனா அத்தையோட கோயில் பொடவையைப் பாத்தாரு, அழுது வீங்கின கண்ணைப் பாத்தாரு, கையில இருந்த துப்பட்டி மூட்டையைப் பாத்தாரு. எங்க போனேன்னு கேக்கல. ஏன் அழுதேன்னு கேக்கல.

"கறி எங்க?"ன்னாரு.

அத்தை மூட்டையை அவிழ்த்து, கழுவின தட்டை அவர் முன்னால வெச்சுது.

"எந்தக் கறிண்ணா? நம்ம வீட்லதான் அது நுழையறதே இல்லையே."

சொல்லிட்டு ஒரு தட்டை எடுத்துத் தனக்கு சோத்தைப் போட்டுகினு, ரசத்தை ஊத்திகினு, நடுவுல உக்காந்து எல்லாருக்கும் முன்னால சாப்பிட ஆரம்பிச்சுது. நைனா ஜெபம்கூட இன்னும் பண்ணல.